சேலத்தில் இருந்தபடியே சொந்தப் பாட்டு பாடி மேலே வர முடியுமா?

ஒரு அக்கா கேட்டிருந்த கேள்வி இது: "என் தம்பி பி.காம். இரண்டாம் வருடம். வீடு அம்மாபேட்டை. தானே எழுதி, மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துப் பாடுகிறான். சினிமா வேண்டாம், தனியிசைதான் என்கிறான். அப்படி வந்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள், எப்படி மேலே வந்தார்கள்? சென்னைக்குப் போகாமல் நடக்குமா?"

சென்னை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பாட்டு செய்யச் சென்னை தேவையில்லை. வெளியிடவும் தேவையில்லை. நேரில் கேட்கும் கூட்டத்துக்கு மட்டும் பெரிய ஊர் வேண்டும், அதற்கும் சென்னைதான் என்றில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் தம்பிக்கு உண்மையான தடை ஊர் இல்லை. அவன் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் சித்தப்பாவில் இருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரை கேட்கப்போகிற கேள்விதான் தடை: "நல்லா இருக்கே, எந்தப் படம்?" நம் ஊரில் பாட்டு என்றால் படத்தோடு வருவது. இந்தப் பழக்கத்தை உண்டாக்கியதில் சேலத்துக்கே பெரிய பங்கு உண்டு. ஏற்காடு சாலையில் போகும்போது ஒரு பழைய வளைவு தெரியும். டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் மிச்சம் இருப்பது அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே தயாராயின. மு. கருணாநிதியும் கண்ணதாசனும் அங்கே வேலை பார்த்தவர்கள். எழுதுபவர் ஒருவர், மெட்டுப் போடுபவர் இன்னொருவர், பாடுபவர் மூன்றாமவர், வாயசைப்பவர் நான்காமவர் என்று பாட்டு வேலை பிரிந்தது இப்படிப்பட்ட ஸ்டுடியோக்களில்தான். அதற்கு முன்னால் பாபநாசம் சிவன் போன்றவர்கள் தாங்களே எழுதி, மெட்டமைத்து, பாடினார்கள். உங்கள் தம்பி செய்ய நினைப்பது ஏதோ வெளிநாட்டுப் பழக்கம் என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, மேலே வந்தவர்கள் எப்படி வளர்ந்தார்கள்? வெளியே தெரிவது ஒரு வீடியோ, ஒரு ராத்திரியில் லட்சக்கணக்கான பார்வைகள். பின்னால் போய்ப் பார்த்தால் கதை வேறு. ஹிப்ஹாப் தமிழா ஆதி கோயம்புத்தூர்க்காரர். யூடியூப்பில் 2011இல் கவனம் பெற்றார், 2012இல் ஆல்பம் வந்தது, சினிமாவில் இசையமைப்பாளராக அறிமுகமானது 2015இல்தான். அந்த இடைவெளியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. பிரதீப் குமார் திருச்சியில் கர்நாடக இசை கற்று வளர்ந்தவர். சினிமாவில் பாடிக்கொண்டே தனியிசையையும் விடாமல் செய்கிறார். தெருக்குரல் அறிவு அரக்கோணத்துக்காரர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த பாட்டியின் வாழ்க்கைதான் 2021இல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'க்கு அடித்தளம். ஆங்கிலத்திலும் இந்தியிலும் எழுதிப் பாடும் பிரதீக் குஹாட் ஜெய்ப்பூரில் வளர்ந்தவர். நியூயார்க்கில் படித்துவிட்டு வந்து, சிறு சிறு அரங்குகளில் பாடிப் பாடியே ஆள் சேர்த்தார். 2019இல் ஒபாமா வெளியிட்ட பிடித்த பாடல்கள் பட்டியலில் அவருடைய பாட்டு வந்தபோது பலர் முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். அந்தப் பாட்டு அதற்கு முந்தைய வருடமே வெளியானது, அவருடைய முதல் முழு ஆல்பம் 2015இலேயே வந்துவிட்டது.

இவர்கள் யாரும் சென்னை, மும்பை மாதிரி ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. பின்னால் இடம் மாறியவர்கள் உண்டு. ஆனால் பாட்டுக்கான சரக்கு சேர்ந்தது சொந்த ஊரிலும் வீட்டிலும்தான். அறிவின் பாட்டியைப் போன்ற பாட்டிகள் ஏற்காட்டிலும் இருக்கிறார்கள். சேர்வராயன் மலையில் காபி வந்து சுமார் இருநூறு வருடம் ஆகிறது. அந்த எஸ்டேட்களில் தலைமுறை தலைமுறையாகப் பழம் பறித்த குடும்பங்களின் கதையைக் கேட்டு யாராவது பாட்டு எழுத மாட்டார்களா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. மேலே போகிறவர்கள் பெரும்பாலும் பகோடா பாயிண்டில் ரீல்ஸ் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள்.

இனி சேலத்துப் பள்ளிக்கூடங்கள். நான் சொல்வது கட்டடம் உள்ள பள்ளி இல்லை, பாடகனை உருவாக்கும் இடங்கள். சர்ச் கொயர் ஒன்று. நம் ஊரில் நன்றாகக் கிடாரும் கீபோர்டும் வாசிப்பவர்களில் பலர் அங்கிருந்து வந்தவர்கள். வாரம் தவறாமல் கூட்டத்துக்கு முன்னால் வாசித்துப் பழகுகிறார்கள், நாலு குரல் பிரித்துப் பாடத் தெரிகிறது. ஏற்காட்டின் பழைய உறைவிடப் பள்ளிகளில் படித்தவர்களுக்கும் இந்தக் கொயர் பழக்கம் உண்டு. சேலத்தில் அரசு இசைப்பள்ளியும் இருக்கிறது. குரலிசை, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில் முறையாகக் கற்றுத் தருகிறார்கள். கிடார் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. ஒரு வருடம் குரலிசை படித்துவிட்டு வந்தால் சுருதி எவ்வளவு நிலைக்கிறது என்று அவர்களே பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் விட நான் பெரிதாகச் சொல்வது ஆர்கெஸ்ட்ராவை. நான் கீபோர்டு கற்றதும் அங்கேதான், அதனால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கலாம். ஆடி மாதம் வந்தால் சேலத்தில் தெருவுக்குத் தெரு மாரியம்மன் பண்டிகை. கோட்டை மாரியம்மனில் தொடங்கி, குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை (அலங்கார வண்டி ஊர்வலம்) முடியும் வரை ஊரே தூங்காது. மெல்லிசைக் கச்சேரிக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே போய் மற்றவர் பாட்டை வாசிக்கிறேன் என்றால், "சொந்தப் பாட்டு பாட நினைக்கிறவனுக்கு எதற்கு சினிமா பாட்டு" என்று இப்போதைய பையன்கள் முகம் சுளிக்கிறார்கள். தப்பான கணக்கு. பாடகர் மேடை ஏறும்போது, "அண்ணா, இன்னைக்குத் தொண்டை சரியில்ல, ஒரு கட்டை இறக்கிக்குங்க" என்பார், அதாவது சுருதியைக் குறைக்கச் சொல்வார். கீபோர்டில் பட்டனை அழுத்திவிடலாம். கிடார்காரர் என்ன செய்வார்? கிடார் கழுத்தில் மாட்டும் கேபோ என்கிற கிளிப் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்க உதவாது. அந்த நொடியில் எல்லா கார்டையும் (சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) மனசுக்குள் மாற்ற வேண்டும். இரண்டு சீசன் இப்படி வாசித்தவனுக்கு எந்த மெட்டும் எந்தக் கட்டையிலும் கைக்கு வரும். அதைவிடப் பெரிய பாடம், ஒரு பாட்டில் எந்த இடத்தில் கூட்டம் எழுந்து டீ குடிக்கப் போகிறது என்று கண்ணால் பார்ப்பது. முன்னிசை நீண்டால் போவார்கள். இரண்டாவது சரணம் முதல் சரணம் மாதிரியே இருந்தால் போவார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கடைசி அரை மணியில் எந்தப் பாட்டை வைப்பது, எதை வெட்டுவது என்று மாஸ்டர் போடும் கணக்கு இருக்கிறதே, அது பாட்டு எழுதுபவனுக்கு நேரடிப் பயிற்சி.

அதே பண்டிகையில் பம்பையும் வாசிப்பார்கள். உங்கள் தம்பி அந்தப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நிற்கட்டும். கணினியில் வாங்கும் டிரம் லூப்பில் கிடைக்காத ஒரு நடை அதில் இருக்கிறது. வாசிப்பவரிடம் கேட்டு, பணம் கொடுத்து, பெயரையும் போட்டுப் பதிவு செய்தால் அவன் பாட்டு தனியாகத் தெரியும்.

ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் வார இறுதிக்குக் கிடாரோடு பாடக் கூப்பிடுகிறார்கள். கைச்செலவுக்கு ஆகும். மே மாதக் கோடை விழா மேடையும் இருக்கிறது. ஆனால் கேம்ப் ஃபயருக்கு வரும் விருந்தாளி நாற்பது பாட்டில் ஒன்றுகூட உங்கள் பாட்டைக் கேட்க மாட்டார். நடுவில் ஒன்றே ஒன்று சொந்தப் பாட்டைப் பெயர் சொல்லாமல் நுழைத்துப் பாருங்கள் என்று என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன். யாராவது "இது எந்தப் படம்" என்று கேட்டால் அந்தப் பாட்டு பாஸ்.

எழுதுவதைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். கிடாரில் ஆங்கிலப் பாட்டு வாசித்துப் பழகியவர்கள் தமிழில் எழுதும்போது செய்யும் பெரிய பிழை குறில், நெடில். நீளமாக இழுக்கும் சுரத்தில் குறில் எழுத்து வந்தால் சொல்லே மாறிவிடும். "கல்" என்று எழுதிவிட்டு இழுத்துப் பாடினால் கேட்பவர் காதில் "கால்". "படம்" என்பது "பாடம்" ஆகும். சினிமாவில் மெட்டுக்கு எழுதும் பாடலாசிரியர்கள் இழுவை வரும் இடத்தைக் குறித்துவைத்து அங்கே நெடிலைப் போடுவார்கள். உங்கள் தம்பியிடம் முன்னால் எழுதிய பாட்டைத் திரும்ப எடுத்து இந்த ஒரு கண்ணோடு பார்க்கச் சொல்லுங்கள், பாதி வரிகள் மாறும். அப்புறம், ஐந்து ரோடு, நாலு ரோடு, தட்டுவடை செட் என்று வரிக்கு வரி ஊர்ப் பெயரைத் திணித்தால் அது சேலத்துப் பாட்டு ஆகிவிடாது. சுற்றுலாத் துறை விளம்பரம் ஆகும். அவன் வீட்டில் பேசுகிற பேச்சு வரியில் வந்தால் போதும்.

ரெக்கார்டிங்குக்கு வருவோம். அம்மாபேட்டை என்று சொன்னதும் எனக்கு முதலில் தோன்றியது தறி சத்தம். விசைத்தறியின் அடியதிர்வை வடிகட்டி எடுத்துவிடலாம். ஆனால் அந்த டக் டக் என்கிற அடி, குரல் தெளிவாகக் கேட்கும் அதே அதிர்வெண்களில் விழுகிறது. அதை வெட்டினால் குரலும் சேர்ந்து போகும். சத்தம் உள்ள வீட்டுக்குக் கண்டென்சர் மைக் வாங்கவே வாங்காதீர்கள். அது அடுத்த தெருவையும் சேர்த்துப் பிடிக்கும். ஷுர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக்கை வாய்க்குக் கிட்டே வைத்துப் பாடினால் வெளிச்சத்தம் வெகுவாகக் குறையும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, பின்னால் மெத்தையை நிறுத்தினால் எதிரொலியும் அடங்கும். இதோடு மைக்கையும் கிடாரையும் லேப்டாப்போடு இணைக்கும், இரண்டு உள்ளீடு உள்ள சின்ன இன்டர்ஃபேஸ், ஒரு ஹெட்ஃபோன், ஒரு சுமாரான லேப்டாப். மென்பொருளுக்கு ரீப்பர் போதும், இலவசமாகச் சோதித்துப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்கலாம்.

அப்படியும் தறி கேட்கிறதா? மின்வாரியம் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் நிறுத்தும் நாளை முன்கூட்டியே பேப்பரில் போடுகிறார்கள். அன்றைக்குத் தறியும் ஓடாது, கிரைண்டரும் ஓடாது, மிக்ஸியும் ஓடாது, மின்விசிறியும் ஓடாது. லேப்டாப் பேட்டரி நிறைந்திருந்தால் யூஎஸ்பியிலேயே உயிர் பெறும் இன்டர்ஃபேஸ் நன்றாக வேலை செய்யும். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. எனக்குத் தெரிந்து சேலத்தில் மிக மலிவான சவுண்ட்ப்ரூஃப் அறை அதுதான். குரல் மட்டும் அன்றைக்கு எடுத்துவிட்டு, கிடார், பேஸ் எல்லாம் நேரடியாக வயரில் எந்த நாளும் எடுக்கலாம்.

வெளியிடுவது இப்போது எளிது, அதனால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் சேவை ஒன்றில் பதிந்தால் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் எல்லாவற்றிலும் பாட்டு ஏறும். ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்கிற அடையாள எண் கிடைக்கும், அதைக் குறித்து வையுங்கள். சில சேவைகளில் வருடச் சந்தா கட்டுவதை நிறுத்தினால் பாட்டே இறங்கிவிடும், சிலவற்றில் ஒருமுறை கட்டணமும் வருமானத்தில் பங்கும். படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்குப் பாட்டை வெளியீட்டுக்கு முன்பே அனுப்ப வேண்டும், குறைந்தது 7 நாள் முன்னால் அனுப்புவது நல்லது. நான் மூன்று வாரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பணம் என்று பார்த்தால், 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை 2024 முதல் எதுவும் தருவதில்லை. யூடியூப்பில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அல்லது ஷார்ட்ஸில் 90 நாளில் 1 கோடி பார்வை. முதல் இரண்டு வருடத்துக்கு இதை வருமானம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

கவர் பாட்டு, அதாவது ஏற்கெனவே வந்த சினிமா பாட்டைத் தானே பாடி, போட்டுக் கூட்டம் சேர்க்கலாமே என்பான். சேரும், ஆனால் அந்த வீடியோவின் பணம் பெரும்பாலும் பாட்டின் உரிமை வைத்திருக்கும் கம்பெனிக்குப் போகும். போதாக்குறைக்கு, சினிமா பாட்டுக்காக வந்து சேர்ந்த ஆயிரம் பேரில் சொந்தப் பாட்டைக் கேட்க நூறு பேர் நின்றால் அதிசயம். பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். சொந்தப் பாட்டுக்குப் பார்வை குறைந்ததும் பயந்து மறுபடி கவருக்கே போய்விடுகிறார்கள். அந்தச் சரிவைத் தாங்குபவர்கள்தான் மேலே வருகிறார்கள்.

இனி உரிமை. இதை நீங்கள், அக்காவாக, பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள், ஏனென்றால் அவன் படிக்க மாட்டான். பாட்டு எழுதிப் பதிந்த உடனே பதிப்புரிமை அவனுக்கு வந்துவிடுகிறது, எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் அவன் ஆயுளும் அதற்கு மேல் 60 வருடமும் பாதுகாப்பு உண்டு. பாட்டின் ஒலிப்பதிவு தனிச் சொத்து, அதற்கு வெளியான நாளை ஒட்டி 60 வருடம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. லேபிள்காரர் (பாட்டை வாங்கி வெளியிடும் கம்பெனிக்காரர்) "மாஸ்டரை மட்டும் கொடு" என்பது பதிவை. "பப்ளிஷிங்கும் கொடு" என்றால் வரியையும் மெட்டையும் சேர்த்துக் கேட்கிறார். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தத்தின்படி, படத்திலோ ஒலிப்பதிவிலோ பயன்படும் பாட்டுக்குப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை வாங்கியவரோடு சமமாக ராயல்டியில் பங்கு பெற உரிமை உள்ளவர்கள். திரையரங்கில் படத்தோடு ஓடுவது மட்டும் விலக்கு. அந்தப் பங்கை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் மாற்றித் தரலாம். ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டப்படி அது 5 வருடம்தான். எந்த நாடு என்று குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும்தான். அதனால்தான் அவர்கள் "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று எழுதிக் கொண்டுவருவார்கள். அந்த இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள். பாட்டு நாலு இடத்தில் ஒலிக்க ஆரம்பித்ததும் எழுத்துக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ் என்கிற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகட்டும், 1969 முதல் இருக்கும் சங்கம் அது.

பெரியவர்களுக்கே இது சிக்கலாகிறது. 'எஞ்சாய் எஞ்சாமி' கோடிக்கணக்கானோர் பார்த்த பாட்டு. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டில் இருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார்.

லேபிள் வருவதற்கு முன்னாலேயே சண்டை நண்பர்களுக்குள் வரும். பீட் (பாட்டின் பின்னணி இசை) போட்டுக் கொடுத்தவன், வயலின் வாசித்தவள், ஒரு வரி சொன்னவன். பாட்டு வெளியாகும் முன்னே யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடட்டும். டீக்கடையில் உட்கார்ந்து எழுதினாலும் சரி. இணையத்தில் வாங்கும் பீட் என்றால் அதையே வேறு நூறு பேருக்கும் விற்றிருப்பார்கள். உரிமம் எத்தனை ஸ்ட்ரீம் வரை செல்லும் என்று பார்க்காமல் அதன்மேல் பாடக் கூடாது.

டிகிரியை விடலாமா என்று அடுத்து கேட்பான். விட வேண்டாம். நல்லொழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. கல்லூரி கல்சுரல்ஸ்தான் தமிழ்நாட்டில் சொந்தப் பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் மேடை. ஒலி அமைப்பு அவர்களுடையது, கூட்டம் ஒரே வயசு, எந்தப் படம் என்று கேட்பதும் குறைவு. அடையாள அட்டை இருக்கும் வரைதான் அந்தக் கதவு திறந்திருக்கும். பி.காம். என்பதும் ஒருவகையில் வசதி. ராயல்டி ஸ்டேட்மென்ட்டைப் படிக்கத் தெரிந்த பாடகர்கள் குறைவு.

நேரில் பாடும் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் இருந்து சென்னை சுமார் 340 கிலோமீட்டர், பெங்களூரு சுமார் 200. சொந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்கும் பழக்கமும், யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடும் ஓப்பன் மைக் நடத்தும் கஃபேக்களும் பெங்களூரில் அதிகம், தமிழ் கேட்பவர்களுக்கும் குறைவில்லை. சென்னை சினிமாவின் ஊர், அங்கே தனியிசைக்காரர்கள் நன்றாகவே இயங்குகிறார்கள் என்றாலும் சினிமாவின் இழுப்பு எப்போதும் இருக்கும். மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் புது பஸ் ஸ்டாண்டில் ஏறினால் சாயங்காலம் பாடிவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பலாம். ஓப்பன் மைக்கில் ஒருவருக்குப் பெரும்பாலும் இரண்டு பாட்டுக்குத்தான் நேரம் இருக்கும். இரண்டும் சொந்தப் பாட்டாக இருக்கட்டும், கவர் வேண்டாம். கிடார் டியூனிங்கை மேடைக்கு வெளியிலேயே முடித்துக்கொண்டு ஏறச் சொல்லுங்கள். பாட்டைப் பற்றி நீண்ட முன்னுரை வேண்டாம். ஃபோன் நம்பரும் சேனல் பெயரும் எழுதிய சின்ன அட்டை நாலைந்து பையில் இருந்தால், முடிந்ததும் வந்து பேசுபவரிடம் கொடுக்கலாம்.